வெந்நீர் விழாத வாரம்

நகராட்சி ஆய்வகத்தில் அவருக்கென்று ஒரு பதவிப் பெயர் இருந்தது. நீளமான பெயர், அடையாள அட்டைக்கு மட்டும் உதவும். மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘தூண்டில்’தான். நடுத்தெருவில் சாக்கடை மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மீன்பிடிக்கிற நைலான் நரம்பின் நுனியில் கட்டிய துணிச்சுருளை மெல்ல உள்ளே இறக்குகிற மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

“என்னண்ணே, ஏதாவது மாட்டுச்சா?” என்று சைக்கிளில் போகிறவர் கேட்பார்.

“பெருசா மாட்டினா நம்ம வீட்டுக்கும் ஒண்ணு” என்பார் பின்னால் வருகிறவர்.

வருடக்கணக்கில் இதே கிண்டல். அவரும் சளைக்காமல் ஒரே பதிலை வைத்திருந்தார்: “மாட்டும் மாட்டும். ஆனா கண்ணுக்குத்தான் தெரியாது.”

அது பொய்யில்லை. அவர் பிடித்தது கிருமி. சாப்பாட்டோடு வாய்க்குள் போய், குடலில் குடித்தனம் நடத்தி, ஆளைக் காய்ச்சலில் தள்ளிவிட்டு, கழிப்பறை வழியாகச் சாக்கடைக்கு வந்து சேருகிற கிருமி. சாக்கடையில் ஒரு குவளை நீரை மொண்டு வந்து சோதித்தால் அது கிடைக்காது. இரவும் பகலும் ஓடுகிற தண்ணீரில் அது எந்த நேரம் கடந்து போகும் என்று யார் கண்டது? குவளையோடு ஒரு மனிதன் எத்தனை நேரம் காத்திருப்பான்? துணி காத்திருக்கும். மூன்று நான்கு நாள் அது உள்ளே தொங்கட்டும். வருகிற தண்ணீரெல்லாம் அதன் மேல் மோதி, அதற்குள் புகுந்து போகட்டும். அப்புறம் எடுத்துப் பிழிந்தால், ஒரு தெருவே கழுவி ஊற்றியதன் சாரம் ஒரு கிண்ணத்துக்குள் வந்துவிடும்.

அந்தக் கிண்ணத்திலும் ஆயிரம் ஜாதிக் கிருமிகள் மொய்க்கும். முன்பெல்லாம் அதிலிருந்து வேண்டியதை வளர்த்துப் பிரித்து அடையாளம் சொல்வதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அதற்குள் இன்னும் நாலு பேர் படுத்திருப்பார்கள். பிறகு காந்த மணிகள் வந்தன. மணி என்றால் கோக்கிற மணி இல்லை. மாவைவிட நைசான இரும்புத் துகள். அதன் மேல் ஒரு பூச்சு. அந்தப் பூச்சு இந்த ஒரு கிருமியைக் கண்டால் மட்டும் கட்டிக்கொள்ளும், மற்றதைத் திரும்பியும் பார்க்காது. பிழிந்த நீரில் மணிகளைப் போட்டுக் குலுக்கி, குழாயைக் காந்தத்தோடு ஒட்டி நிறுத்தினால், கலங்கிய நீருக்குள் இருந்து பழுப்பாய் ஒரு கோடு மெல்லத் திரண்டு குழாயின் சுவரில் ஏறும். மற்றதைக் கொட்டிவிடலாம். அந்தக் கோட்டைத் தட்டில் பரப்பி வைத்தால் மறுநாளே உயிருள்ள கிருமி கறுத்த புள்ளிகளாக எழுந்து நிற்கும். சந்தைக் கூட்டத்தில் ஒருத்தனை மட்டும் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிற காரியம். அந்தப் பழுப்புக் கோடு திரள்கிற நேரத்தில் அவரோடு யாரும் பேசக்கூடாது. பேசினாலும் காதில் விழாது.

அவர் மனைவிக்கு இதில் எந்தப் பெருமையும் கிடையாது. கணவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

“ஊர்ல எல்லாரும் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. எனக்கு வாய்ச்சது மட்டும் சாக்கடையில இருந்து வருது” என்பாள்.

“ஊரு பொய் சொல்லும், சாக்கடை பொய் சொல்லாது” என்பார் அவர். அவருக்குப் பிடித்த வாசகம் அது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். பேசாமல் இருந்திருக்கலாம், நாம் அடிக்கடி சொல்கிற வாசகம் ஒருநாள் நம் தலையிலேயே வந்து விடியும்.

அவருக்கு ஓர் அக்கா. அம்மா போன பிறகு அவரை வளர்த்தது அக்காதான். பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரிவிட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், திருட்டுத்தனமாய்ப் பீடி குடித்த அன்று துடைப்பத்தால் விளாசியதும் அக்காதான். அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடமே அத்தான் போய்ச் சேர்ந்தார். அச்சகத்தில் வேலை பார்த்தவர், மதியச் சாப்பாடு வெளியில். குடல் காய்ச்சல் வந்தது. வயிறு பழுத்து, நினைவு தப்பி, மூன்றாம் வாரம் போய்விட்டார். அப்போது தூண்டிலுக்கு அரும்பு மீசை. அக்கா அழுததைவிட அதிகமாய்ச் சொன்ன வார்த்தை ஒன்று அவருக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“எவளோ ஒருத்தி கையைக் கழுவாம ஆக்கிப் போட்டிருக்கா. அதைத் தின்னுட்டுத்தான் அவர் போனார்.”

அந்த ‘எவளோ ஒருத்தி’யோடு அக்கா அதன் பிறகு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டாள் என்றே சொல்ல வேண்டும். வீட்டின் முன்னறையைச் சாப்பாட்டுக்கடை ஆக்கினாள். நாலு மேசை, ஒரு பெரிய அடுப்பு, அதைவிடப் பெரிய வெந்நீர்க் கொதிகலன். தட்டு, கரண்டி, கத்தி, பலகை எல்லாம் கொதிநீரில் முங்கி எழ வேண்டும். மேசை துடைக்கிற துணி தினமும் வேகும். கடை மூடும்போது கொதிகலனில் மிஞ்சிய நீர் மொத்தத்தையும் வெளுப்புத்தூள் போட்டுத் தரையில் கொட்டி, கழிப்பறையில் கொட்டி, சாக்கடை வாய் வரைக்கும் விரட்டிவிடுவாள். வாசலில் ஆவி எழும்பும். தெருவுக்கே அவள் ‘வெந்நீர் அக்கா’. சுகாதார ஆய்வாளர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “உங்க சமையலறையில ஆபரேஷனே பண்ணலாம் போலிருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை அக்கா மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

அவள் கடையில் சூப்பு, ரொட்டி, வேகவைத்த காய் எல்லாம் உண்டு. ஆனால் ஆட்கள் தேடி வந்தது பச்சைக் காய்கறிக் கலவைக்கு. வெள்ளரி, தக்காளி, கோஸ் எல்லாவற்றையும் பொடியாய் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, கரண்டி படாமல் கையாலேயே பிசிறிப் போடுவாள். “கரண்டிக்கு என்ன தெரியும், உப்பு எங்க நிக்குதுன்னு?” என்பாள். கைப்பக்குவம் என்று எல்லோரும் மெச்சினார்கள். தூண்டிலும் வாரம் ஒருநாள் மனைவியோடு போய்ச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு வந்தார்.

அந்த வருடம் கடைவீதிப் பக்கம் காய்ச்சல் தலைகாட்டியது. கூட்டமாக இல்லை, இங்கே ஒருவர், ஒரு மாதம் கழித்து அங்கே ஒருவர். பேருந்து ஓட்டுநர் ஒருவர், அஞ்சலகத்துப் பெண் ஒருத்தி, பிறகு தையல்காரரின் மகள். அந்தப் பெண் மிகவும் முடியாமல் போய், பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. தையல்காரர் அக்கா கடையின் நித்திய வாடிக்கை. மகள் மருத்துவமனையில் கிடந்த நாளெல்லாம் அக்கா சுடச்சுட சூப்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

“யாரோ ஒரு பாவி அசிங்கமா சமைக்கிறா. நீயெல்லாம் எதுக்குடா சம்பளம் வாங்குற? கண்டுபிடி” என்று தம்பியை அதட்டினாள்.

தம்பி கண்டுபிடிக்கக் கிளம்பினார். இந்தக் கிருமியில் ஒரு விசேஷம் உண்டு. காய்ச்சல் வந்து குணமான சிலர் உடம்பில் அது போகாமல் பித்தப்பையில் ஒண்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும். ஆள் கல் மாதிரி இருப்பார், தும்மல்கூட வராது. ஆனால் அவ்வப்போது கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒருவர் சமையல் செய்தால், இப்படித்தான் இங்கொன்றும் அங்கொன்றுமாய் ஆட்கள் விழுவார்கள். அந்த ஒருவரை ஊரில் எங்கே போய்த் தேடுவது? சாக்கடையில்தான். பெரிய வாய்க்காலில் ஒரு துணி. அதில் கிருமி இருந்தால், மேலே வாய்க்கால் பிரிகிற இடத்தில் இரண்டு கிளையிலும் ஒவ்வொரு துணி. எது கறுக்கிறதோ அந்தக் கிளை. அதில் மறுபடி பிரிகிற இடம். அடிமரத்தில் ஆரம்பித்து இலை வரைக்கும் ஏறிப் போகிற மாதிரி.

ஏறினார். கடைவீதியின் தாய்க்குழாய் வரைக்கும் தட்டுகள் கருகருவென்று வழி காட்டின. அங்கிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கடைக்கும் தனிக்குழாய் பிரிகிறது. எல்லாக் குழாய் வாயிலும் துணி கட்டினார். நாலு நாள் கழித்து எடுத்துப் பிழிந்து பரப்பினார். மறுநாள் எல்லாத் தட்டும் வெறுமை. துணியை மாற்றினார், நரம்பின் நீளத்தை மாற்றினார், காந்த மணிகளைக்கூடப் புதிதாய் வாங்கிப் பார்த்தார். கீழே இருக்கிறது, மேலே எந்தக் கிளையிலும் இல்லை.

“அப்போ கிருமி வானத்துல இருந்தா குதிச்சுது?” என்றார் ஆய்வகத் தலைவி. நல்ல மனுஷி, ஆனால் காரணமில்லாத காரியத்தை அவரால் சீரணிக்க முடியாது.

“அதான் மேடம் எனக்கும் புரியல.”

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் ஒவ்வொரு முறையும் ஓர் ஒப்பீட்டுத் துணி வேண்டும். நிச்சயமாய்ச் சுத்தம் என்று தெரிந்த ஓர் இடத்தில் கட்டி, அதையும் மற்றதோடு சேர்த்துச் சோதிப்பார்கள். அதில் புள்ளி வந்தால் சோதனையிலேயே ஏதோ கோளாறு என்று அர்த்தம். எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாய் ஆரம்பிக்க வேண்டும். இந்த ஒப்பீட்டுக்குத் தூண்டில் தேர்ந்தெடுத்த இடம், அதே தாய்க்குழாயில் வந்து சேருகிற அக்கா வீட்டுக் குழாய் வாய்.

“அதைவிடச் சுத்தமான சாக்கடை இந்த ஊர்ல கிடையாது மேடம். அதுலயே குளிக்கலாம்” என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். தலைவியும் அந்தக் கடையில் சாப்பிடுகிறவர்தான், மறுப்புச் சொல்லவில்லை. படித்தவர்கள், கருவி வைத்திருக்கிறவர்கள், எதையும் இரண்டு முறை சோதிக்காமல் நம்பாதவர்கள், ஒரு பெண்ணின் கைச்சுத்தத்தை மட்டும் சோதனைக்கு முன்பே நம்பிவிட்டார்கள். நம்பியது குற்றமா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. யாராயிருந்தாலும் நம்பித்தான் இருப்பார்கள்.

அக்கா வீட்டுத் துணி ஒவ்வொரு முறையும் வெளுத்து வந்தது. மற்ற துணியெல்லாம் கறுப்பும் கொழகொழப்புமாய் வர, அது மட்டும் சலவைக்குப் போட்டெடுத்த மாதிரி விறைப்பாய், வெளுப்புத்தூள் வாசனையோடு வரும். அவர் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “பாத்தீங்களா எங்க அக்காவை” என்று ஆய்வகத்தில் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு.

அப்படியிருக்க, ஒருநாள் அக்காவின் கொதிகலன் ஓட்டையாயிற்று. அடிப்பகுதி அரித்துப்போய் அடுப்பையே அணைத்துவிட்டது. வெல்டிங் போட்டுப் பற்றவைக்கிறவர், “தகடு மாத்தணும்கா, ஒரு வாரம் ஆகும்” என்று சொல்லிவிட்டார். அக்கா கடையை மூடிவிட்டாள்.

“குளிர்ந்த தண்ணியில கழுவின தட்டுல மனுஷனுக்குச் சோறு போடச் சொல்றியா? பட்டினி கிடந்தாலும் கிடப்பேன்” என்றாள் தம்பியிடம். வாரம் முழுக்க வீட்டிலேயே அடைந்து கிடந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பற்றவைக்கிறவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். குழாய் வாயில் தம்பி கட்டிய துணி பாட்டுக்குத் தொங்கியது.

அந்த வாரத்துத் துணிகளைப் பிழிந்து, மணி போட்டு, தட்டில் பரப்பி வைத்தார். மறுநாள் மற்ற கடைகளின் தட்டுகள் வழக்கம்போல வெறுமை. ஒப்பீட்டுத் தட்டு மட்டும் மிளகைக் கொட்டின மாதிரி கறுத்திருந்தது.

அவர் முதலில் சிரித்துவிட்டார். குழாயை மாற்றி வைத்துவிட்டோம் என்று நினைத்தார். யானைக்கும் அடி சறுக்கும். குளிர்பெட்டியில் அந்தத் துணியைப் பிழிந்த நீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுத்துப் புதுக் குழாய், புது மணி, புதுத் தட்டு என்று மறுபடி செய்தார். காந்தத்தின் ஓரத்தில் பழுப்புக் கோடு திரண்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அந்த நேரத்தில் ஒன்று உறைத்தது: இந்தத் துணியில் வெளுப்புத்தூள் வாசனை இல்லை.

வெந்நீர் விழவில்லை. அவ்வளவுதான் விஷயம். இத்தனை மாதமும் துணி கிருமியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தினமும் கடை மூடுகிற நேரத்தில் கொதிநீர் வந்து, பிடித்ததையெல்லாம் துணியிலேயே வேகவைத்துக் கொன்றுவிட்டது. செத்த கிருமி தட்டில் எழும்பாது. ஆனால் மற்ற நேரத்தில் தப்பிப் போனவை கீழே தாய்க்குழாயில் குளிர்ந்த நீரோடு கலந்து உயிரோடு இருந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஊரிலுள்ள அத்தனை சமையல்காரரையும் சந்தேகப்பட்டவர், சந்தேகமே வரக்கூடாத ஓர் இடம் என்று தானே ஓர் இடத்தைப் பிடித்து, அதன் மேல் முத்திரை குத்தி வைத்திருந்தார்.

மறுநாள் தட்டு என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். சொன்னது. தட்டைத் தலைவியின் மேசையில் வைத்துவிட்டு நின்றார். தலைவி நெடுநேரம் பார்த்தார்.

“அந்த வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?”

“இல்ல மேடம். அக்கா மட்டும்தான். பாத்திரம் தேய்க்க வர்ற அம்மா அந்த வாரம் வரவே இல்ல.”

“சுகாதார அதிகாரி நாளைக்குப் போயாகணும். கடையை நிறுத்தணும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.” தட்டை மூடி வைத்துவிட்டு, “இன்னைக்கு நீங்க போறதா இருந்தா போங்க. ஆனா தம்பியா போறீங்களா, ஆய்வகத்துல இருந்து போறீங்களான்னு முடிவு பண்ணிட்டுப் போங்க” என்றார்.

மலச் சோதனைக்கு மாதிரி எடுக்கிற டப்பி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். வண்டி இருந்தும் நடந்தார். கடை போவது அவருக்குப் பெரிய பயமாக இல்லை. ஒரு மாதம் மாத்திரை, அதற்கும் மசியவில்லை என்றால் பித்தப்பையை எடுத்துவிடுவார்கள், திரும்பத் திரும்பச் சோதித்துச் சுத்தம் என்று வந்தால் மறுபடி அடுப்பு மூட்டலாம். ஊர் பேசும், பேசிவிட்டு ஓயும். அவர் பயந்தது ஒரே ஒரு கேள்விக்கு. அக்கா முட்டாள் இல்லை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவாள். அவளுக்குச் சின்ன வயதில் நீண்ட காய்ச்சல் ஒன்று வந்து, முடியெல்லாம் கொட்டிப்போனது. அது என்ன காய்ச்சல் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. அத்தான் போன பிறகு அக்காவுக்கும் லேசாய் ஒரு காய்ச்சல் வந்து போனது. இதில் எது முதல், எது பின்? அத்தானிடமிருந்து அக்காவுக்கா, அக்காவிடமிருந்து அத்தானுக்கா?

வழியெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொண்டு வந்தார்: ‘அத்தானைப் பாத்துக்கிட்டப்பதான் உனக்கு ஒட்டியிருக்கு அக்கா.’ உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்கிறவளுக்கு ஆறுதல், சொல்கிறவனுக்குச் செலவில்லை. தெருமுனை வருவதற்குள் அதைத் தடுமாறாமல் சொல்ல வந்துவிட்டது.

மதியக் கூட்டம் முடிந்து கடை காலியாய் இருந்தது. கொதிகலன் புதுத் தகட்டோடு திரும்பி வந்து மூலையில் மினுங்கியது. அக்கா அதைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் வெள்ளரியும் தக்காளியும் கழுவிக் குவித்திருந்தாள்.

“வாடா. முகமே சரியில்லையே. வீட்டுல சண்டையா?”

“இல்லக்கா. உக்காரு.”

“உக்காரச் சொல்லி யாராவது நல்ல சேதி சொன்னதா சரித்திரமே இல்ல. சொல்லு.”

அவர் டப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

“என்னது இது, மசாலா டப்பியா?”

அவர் சொன்னார். துணி, மணி, தட்டு, ஓட்டையான கொதிகலன், எல்லாம். ஆய்வகத்தில் சொல்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் விடாமல். அக்கா தேய்த்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

“வேற யாரோடதாவது வந்து கலந்திருக்கும்.”

“அந்தக் குழாய் உன் வீட்டோட தொடங்குதுக்கா. அதுக்கு மேல எதுவும் இல்ல.”

“நான் எப்படிக் கையைக் கழுவுவேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும். அதனாலதான் இத்தனை வருஷத்துல இவ்வளவு கொஞ்சம் பேரு. வேற ஒருத்தரா இருந்திருந்தா தெருவே படுத்திருக்கும். சுடச்சுட குடுத்ததுல ஒண்ணும் இல்ல. கையால பிசிறினயே, அதுலதான் எப்பவாவது...”

“தையல்காரர் பொண்ணு,” என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டினார். அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கொதிநீர் பட்டுப் பட்டுச் சிவந்து, நகக்கண் வரைக்கும் தேய்ந்த கைகள். யாரோ ஒருத்தி, அசிங்கமாய்ச் சமைக்கிற ஒரு பாவி என்று இத்தனை வருடமாய் அவள் தேடித் திட்டியவளின் கைகள் எப்படி இருக்கும் என்று அவள் மனதில் ஒரு படம் வைத்திருந்திருப்பாள். அது இப்படி இருந்திருக்காது.

பிறகு கேட்டாள். அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம்.

“அப்போ உங்க அத்தான்?”

வாக்கியம் தயாராய் நாக்கில் இருந்தது. அவர் வாயைத் திறந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீடி நாற்றத்தை வைத்துக்கொண்டு ‘நான் குடிக்கல’ என்று அவர் நின்ற அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தாள்.

“தெரியாதுக்கா,” என்றார். “அவர்கிட்ட இருந்து உனக்கு வந்திருக்கலாம். உனக்கு முன்னாடியே இருந்திருக்கலாம். இந்தத் துணி இன்னைக்கு இருக்கிறதை மட்டும்தான் பிடிக்கும். அன்னைக்கு நடந்ததைப் பிடிக்க எங்ககிட்ட எதுவும் இல்ல. எப்பவும் தெரியப் போறதில்ல.”

சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நொந்துபோனார். ஒரே ஒரு பொய். அதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது? தம்பியாய் வந்து ஆய்வகத்துக்காரனாய்ப் பேசிவிட்டோமே.

வாசலில் ஒரு வண்டி நின்று, ஒருவர் எட்டிப் பார்த்து, “கடை உண்டா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. மூடியாச்சு,” என்றாள் அக்கா. அவர் போன பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

“அவர்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு நீ சொல்லியிருந்தா, நான் தலையை ஆட்டியிருப்பேன். ஆனா நீ சொன்ன வேற எதையும் நம்பியிருக்க மாட்டேன். கடையையும் மூடியிருக்க மாட்டேன்.”

டப்பியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு பலகையையும் கத்தியையும் குவித்திருந்த காய்களையும் மேசையின் குறுக்கே தம்பி பக்கம் தள்ளினாள்.

“கழுவி வச்சதெல்லாம் வீணாப் போயிடும். நான் தொட்டது, கொதிதண்ணியில ஒருவாட்டி முக்கி எடு. அப்புறம் நீ நறுக்கு.”

“எனக்கு நறுக்க வராதேக்கா.”

“வர்ற மாதிரி நறுக்கு. முதல்ல கையைக் கழுவு.”

அவர் எழுந்து போய்க் கழுவினார்.

“நகத்தடியில தேய்ச்சியா?”

“தேய்ச்சேன்.”

“இன்னொரு வாட்டி தேய்.”

மறுபடி தேய்த்தார். காய்களைக் கொதிநீரில் முக்கி எடுத்து நறுக்கினார். வெள்ளரி பெரிதும் சிறிதுமாய் வந்தது. தக்காளி பாதி கூழாகிவிட்டது. அக்கா திருத்தவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகள் சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, கரண்டியா கையா என்று தெரியாமல் அவளைப் பார்த்தார்.

“கையாலதான்,” என்றாள்.

பிசிறினார். தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினார். அவளுக்கு யாரும் தட்டில் போட்டுக் கொடுத்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஒரு வாய் எடுத்து மென்றாள்.

“உப்பு பத்தல,” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.